நாலு ஊசிதான் இருந்தது

பட்டறையில் அவனைச் சீட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸுக்கும் காருக்கும் சீட் உறை தைக்கிறவன் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அண்ணனுக்குக் கல்யாணம் பேசப் போன நாளில் யாரோ வாய் தவறி, "மாப்பிள்ளைக்கு ஒரே தம்பி, சீட்டு" என்று சொல்லிவிட, பையன் சீட்டாடுகிற ரகம் போலிருக்கிறது என்று பெண் வீட்டாரின் முகம் சுருங்கிவிட்டது. விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள் போட்டு வைத்த காபி ஆறிப்போனது. அந்த வீட்டில் அவன் மேல் விழுந்த முதல் சந்தேகம் அது. கடைசியும் அதுவாகவே இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

போன வருஷம் அண்ணன் மகளைப் பட்டறைக்குக் கூட்டிப் போனான். அப்போது நாலு வயது. ஆள் சிறிசு, காரம் பெரிசு, அதனால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். ஷட்டரை இறக்கும்போது மிளகின் சுண்டுவிரல் இடையில் மாட்டி நகம் பெயர்ந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்தான் அண்ணி திரும்பினேன்" என்றான்.

"எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் வேணும்" என்றாள் அண்ணி.

அதோடு சரி. கத்தவில்லை, பேச்சை நிறுத்தவில்லை. பிள்ளையை அவனோடு தனியாக விடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவன் வந்து உட்கார்ந்தால் காபி வரும். காபியோடு அவளும் வந்து, அவன் எழுந்து போகும் வரை அந்த அறையிலேயே எதையாவது மடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்படிப்பட்டவள், இரண்டாவது பிள்ளை எட்டு வாரம் முந்திக்கொண்டு பிறந்தபோது வேறு வழியில்லாமல் இறங்கி வந்தாள். குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள். ஆபரேஷன் புண் ஆறாத தாய் அதே மாடியில் ஒரு கட்டிலில். அண்ணன் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் பந்து மாதிரி ஓடிக்கொண்டிருந்தான். மிளகைப் பார்த்துக்கொள்ள மிச்சம் இருந்தவன் சீட்டு ஒருவன்தான்.

"சரி, அவன்கிட்டயே இருக்கட்டும். ஆனா இங்க கூட்டிட்டு வரேன்னு ஸ்கூட்டர்ல ஏத்த வேண்டாம். அவன் வரவே வேண்டாம்" என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அண்ணன் அதைச் சமையலறையில் நின்று தாழ்ந்த குரலில்தான் சொன்னான். ஆனால் மிளகு இருக்கிற வீட்டில் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது.

போர்வை யோசனை மிளகுடையது. பெட்டியை விட்டு வெளியே எடுக்கும்போது சுற்ற, புதுத்துணி வேண்டாம், உரசும், துவைத்துத் துவைத்து நைந்த பருத்தித் துணியாகக் கொண்டு வாருங்கள் என்று நர்ஸ் சொன்னதாக அண்ணன் வந்து சொன்னான். வீட்டில் நைந்த துணிக்கா பஞ்சம்? ஆனால் எதை எடுத்தாலும் பாதிதான் தேறியது.

"எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டித் தைச்சா?" என்றாள் மிளகு.

அப்படி ஆரம்பித்ததுதான் அந்த ஒட்டுப்போர்வை. அண்ணனின் கட்டம் போட்ட சட்டை, அண்ணியின் நீலப்பூ நைட்டி, தலையணை உறை ஒன்று, சீட்டின் பழைய பனியன். மிளகின் மஞ்சள் கவுனைத் தொடக்கூடாது என்று இரண்டு நாள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் தானே எடுத்து வந்து, "கைப்பக்கம் மட்டும் வெட்டிக்கோ" என்றாள். பட்டறையிலிருந்து அவன் பையோடு ஒட்டி வந்த பளபளவென்ற சிவப்பு ரெக்சின் துண்டையும் வைத்தே ஆகவேண்டும் என்று ஒரு மாலை முழுக்க வாதாடினாள்.

"பாப்பா என்ன பஸ் சீட்டா?"

"மூச்சா போனா துடைச்சிடலாம்ல!"

ஆனாலும் ரெக்சின் சேரவில்லை.

துண்டுகளைக் கொதிநீரில் அலசி, காயவைத்து, தேய்த்து, நடுவில் மெல்லிய பழைய விரிப்பு ஒன்றை வைத்து மூன்று வாரம் தைத்தார்கள். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்பது அவள் முடிவு. அவன் ஊசியைப் பாதி குத்திக் கொடுப்பான், அவள் இழுப்பாள். மிட்டாய் டப்பாவில் ஐந்து ஊசி. எண்ணாமல் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பட்டறைச் சட்டம் அது. சீட் தைக்கிற இடத்தில் ஓர் ஊசி தொலைந்தால் அது கிடைக்கும் வரை முதலாளி முதற்கொண்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. யார் முதுகில் போய் ஏறுமோ தெரியாதே.

சனிக்கிழமை மதியம் அண்ணனின் போன் வந்தது. மூச்சு வாங்கியது அவனுக்கு.

"இன்னைக்கே வெளிய எடுக்கறாங்களாம்! அவ கைல குடுக்கப் போறாங்க. போர்வை ஆயிடுச்சா? பத்து நிமிஷத்துல வரேன், எடுத்துட்டு ஓடணும்."

ஒரு பக்கத்தில் ஒரு சாண் அகலம் இன்னும் தைக்காமல் திறந்து கிடந்தது. சீட்டு எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடேறப் போட்டுவிட்டு வந்து, உட்கார்ந்த வேகத்தில் அந்த ஒரு சாணையும் அடைத்தான். மிளகு பக்கத்தில் மண்டியிட்டு, சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வையைத் தேய்த்து, மடித்து, சுத்தமான பையில் போடுவதற்கும் வாசலில் அண்ணனின் வண்டி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அண்ணன் வண்டியை அணைக்கக்கூட இல்லை. பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மகளுக்குக் காற்றிலேயே ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் பறந்துவிட்டான்.

சீட்டு கதவைச் சாத்திவிட்டு வந்து பாயைச் சுருட்டக் குனிந்தான். டப்பா திறந்து கிடந்தது.

நாலு ஊசிதான் இருந்தது.

மறுபடி எண்ணினான். எண்ணுவதற்கு என்ன இருக்கிறது, நாலு நாலுதான். இல்லாமல் போனது இருப்பதிலேயே சின்னது, முடி மாதிரி மெலிந்தது, முனை தெரியாமல் ஏறக்கூடியது.

பையிலிருந்து பட்டறைக் காந்தத்தை எடுத்தான். ஸ்டேப்ளர் கம்பிகளைப் பொறுக்க வைத்திருக்கும் தட்டையான காந்தம் அது. பாய், தரை, இஸ்திரி மேசைக்கு அடி, தன் சட்டை, மிளகின் கவுன் என்று எல்லாவற்றின் மேலும் ஓட்டினான். இரண்டு கம்பி, ஒரு கொண்டை ஊசி. அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் போன் போட்டான். அடித்தது, எடுக்கவில்லை. வண்டியில் இருப்பான். அண்ணியின் போன் அணைந்திருந்தது. அந்த வார்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டால் ஒரு பெண் குரல், காத்திருங்கள் காத்திருங்கள் என்று பாட்டு போட்டது.

திரும்பிப் பார்த்தான். மிளகு சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். உதடு இறுக மூடியிருந்தது. அந்த மூடிய வாயைப் பார்த்ததும் அவனுக்கு இன்னொரு பயம் வந்து முதல் பயத்தின் தோளில் ஏறி உட்கார்ந்தது.

"வாயத் திற."

திறந்தாள். நாக்கை நீட்டச் சொன்னான், நீட்டினாள். ஒன்றும் இல்லை. அதனால் என்ன, விழுங்கியிருந்தால்?

கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் இவள் கல்லாகிவிடுவாள் என்பதும் தெரிந்திருந்தது. நகம் பெயர்ந்த அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் பிள்ளை அழுகையையே விழுங்கிவிட்டாள். அவன் தரையில் உட்கார்ந்தான்.

"மிளகு, சித்தப்பா திட்ட மாட்டேன். அந்தச் சின்ன ஊசி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு கண்ணு. வயித்துக்குள்ள போயிடுச்சா?"

"சீ! நான் என்ன பாப்பாவா?"

"அப்ப எங்க?"

கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள். "போர்வைக்குள்ள."

"விழுந்துடுச்சா?"

"இல்ல. நான்தான் வச்சேன். நீ அயர்ன் பாக்ஸ் போடப் போனப்ப." இப்போது தைரியம் வந்துவிட்டது அவளுக்கு. "அங்க கிழிஞ்சுதுன்னா யாரு தைப்பா? அம்மாகிட்ட ஊசி இல்ல. உன்னை வரவே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பாப்பா சின்னதுல்ல, அதான் சின்ன ஊசியா பாத்து வச்சேன்."

சீட்டு எழுந்து, காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்தான். பிள்ளையைத் தனியே விட முடியாது. அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. ஸ்கூட்டரில் ஏற்றக்கூடாது என்று சொன்னவளிடமே ஸ்கூட்டரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டி இறுக்கினான். தன் தலையைப் பற்றி நினைக்கவில்லை.

"கெட்டியா புடிச்சுக்கோ. பேசாத."

பேசாமல் வர அவளால் முடியுமா? இரண்டு தெரு தாண்டியதும் முன்னால் நின்றபடியே கேட்டாள். "ஊசி பாப்பாவைக் குத்திடுமா?"

"தெரியல."

"நான் முனையை உள்பக்கமாத்தான் வச்சேன்."

"சரி."

"சித்தப்பா, உள்பக்கம்னா எந்தப் பக்கம்?"

எதிரே ரயில்வே கேட் விழுந்து கிடந்தது.

கேட்டுக்கு இந்தப் பக்கம் பஸ், லாரி, சைக்கிள் என்று அடைசல். அவன் வண்டியை அணைத்துவிட்டு மறுபடி அண்ணனுக்கு அடித்தான். எடுக்கவில்லை. ரயில் வருகிற சத்தமே இல்லை. பக்கத்து லாரி டிரைவர் சாவகாசமாகக் காதைக் குடைந்துகொண்டிருந்தார். சீட்டுக்கு அந்த மனிதரின் கையைப் பிடித்து இழுத்து உலுக்க வேண்டும்போல் வந்தது. அண்ணன் இந்நேரம் மாடி ஏறியிருப்பான். பையை நர்ஸிடம் நீட்டியிருப்பான். அண்ணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கையை ஏந்தியிருப்பாள். நாற்பது நாள் கண்ணாடி வழியாகப் பார்த்த பிள்ளை. வாங்கியதும் என்ன செய்வாள்? நெஞ்சோடு அணைப்பாள். இறுக்கித்தான் அணைப்பாள்.

ஒரு சரக்கு ரயில் வந்தது. மிளகு வழக்கமாகப் பெட்டிகளை எண்ணுவாள். இன்றைக்கு எண்ணவில்லை. அவன் கைமுட்டியின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். படிக்கட்டில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"பார்வை நேரம் நாலு மணிக்கு. சின்னப் பசங்களுக்கு மேல அனுமதி இல்ல."

"சார், என் அண்ணன் குழந்தை மேல இருக்கு. போர்வைக்குள்ள ஊசி இருக்கு. இப்பதான் சுத்தப் போறாங்க."

"என்னது?"

"ஊசி சார்! தையல் ஊசி!"

சத்தம் கேட்டு விசாரணை மேசையிலிருந்த பெண் நிமிர்ந்தாள். நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி அவனைப் பார்த்தாள். இடுப்பில் பிள்ளை, பிள்ளை தலையில் அதைவிடப் பெரிய ஹெல்மெட். ஒன்றும் கேட்காமல் போனை எடுத்து எண்களை அழுத்தினாள்.

"ரிங் போகுது... எடுக்கல." மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள். "சிஸ்டர், இன்னைக்கு வெளிய எடுக்கற குழந்தை... ஆமா, வீட்டுப் போர்வை... அதுல ஊசி இருக்காம். போட வேண்டாம்னு..." பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முகம் மாறியது. "சுத்திட்டீங்களா?"

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தையின் அழுகை, சன்னமாக, கீச்சென்று, இவன் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

"மூணாவது மாடி" என்றாள் அந்தப் பெண். "போங்க. நான் பாத்துக்கறேன், போங்க!"

லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடியும் எப்படி ஏறினான் என்பது அவனுக்குத் தெரியாது.

வார்டுக்கு வெளியே இருந்த சின்ன அறையில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். நிற்கக்கூடாதவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றிய பொட்டலம். நர்ஸ் அதன் கால்பக்கத்துத் துணியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வை பெஞ்சில் வீசிக் கிடந்தது. அண்ணன் அதன் பக்கத்தில், என்ன செய்வதென்று தெரியாதவனாக.

"தடவித் தடவிப் பாத்துட்டேன். ஒண்ணும் தட்டுப்படல" என்றாள் நர்ஸ்.

"குதிகால்ல பாருங்க சிஸ்டர்!" அண்ணியின் குரல் கிழிந்தது. "சிவப்பா இருக்கு, பாருங்க!"

நர்ஸ் விரல் நுனி அளவுகூட இல்லாத அந்தக் குதிகாலை விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"இது காலைல ரத்தம் எடுத்தது" என்றாள் நர்ஸ். "பழைய புள்ளி. காஞ்சிருக்கு பாருங்க. வேற எங்கயும் ஒண்ணும் இல்ல. முதுகு, கழுத்து, எல்லாம் பாத்தாச்சு."

சீட்டு பெஞ்சுக்குப் போய் மண்டியிட்டான். சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து, போர்வையின் மேல் ஒரு விரல் உயரத்தில் மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தான். சட்டைக் கட்டம், பனியன், தலையணை உறை. மஞ்சள் கவுனின் ஓரத்துக்கு வந்தபோது துணி தானாக எழும்பி, சின்னக் கூடாரம் மாதிரி காந்தத்தைத் தொட்டது. இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்தினான். தையலோடு தையலாகப் படுத்திருந்தது. அதனால்தான் நர்ஸின் கைக்குத் தட்டுப்படவில்லை. நாலு தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து ஊசியை வெளியே எடுத்தான்.

உள்ளங்கையில் அது ஒன்றுமே இல்லாதது மாதிரி கிடந்தது.

"எப்படிடா?" என்றான் அண்ணன். "எப்படிடா உள்ள போச்சு?"

மிளகு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவனைப் பார்த்தாள். சீட்டு அவளைப் பார்க்கவில்லை.

"குடுக்கறதுக்கு முன்னாடி எண்ணியிருக்கணும். நான் எண்ணல" என்றான். பொய் இல்லை அது.

அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் போன வருஷத்து ஷட்டர் இன்னொரு தரம் இறங்கியது. "ஒரு விரல் போதலையா உனக்கு?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "இவன் எவ்வளவு எடை தெரியுமா? ரெண்டு கிலோ கூட இல்ல. அந்த ஊசி உனக்கும் எனக்கும்தான் ஊசி. இவனுக்கு அது கடப்பாரை."

"ஆமா அண்ணி."

"ஆமாவா? ஆமான்னா ஆச்சா?"

"சித்தப்பா வைக்கல." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்ததால் குரல் பானைக்குள் பேசுவது மாதிரி இருந்தது. "நான்தான் வச்சேன்."

மிளகு ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தாள், முடியவில்லை. அதோடேயே சொன்னாள். கிழிந்தால் தைக்க. சித்தப்பாவை வரவேண்டாம் என்று சொன்னதால். சின்னப் பாப்பாவுக்குச் சின்ன ஊசி. சொல்லிக்கொண்டே வந்தவள், "குத்தும்னு எனக்குத் தெரியும். ஆனா போர்வைக்குள்ள இருந்தா குத்தாதுன்னு நினைச்சேன்" என்ற இடத்தில் உடைந்துவிட்டாள்.

அண்ணன் ஓடிவந்து ஹெல்மெட்டின் வாரைக் கழற்றி மகளைத் தூக்கிக்கொண்டான். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் தான் இவ்வளவு நேரம் நின்றிருந்தது அவளுக்கே தெரிந்ததுபோல் இருந்தது. குனிந்து பிள்ளையைச் சுற்றியிருந்த துண்டைச் சரிசெய்தாள்.

"ஏன் சொல்லல?" என்றாள், நிமிராமல்.

"அஞ்சு வயசுப் பிள்ளை அண்ணி. எண்ண வேண்டியது நான்தானே."

"காணோம்னு எப்பத் தெரிஞ்சுது?"

"அண்ணன் கிளம்பின உடனே."

"யாரும் கேட்டிருக்க மாட்டோம். ஒருவேளை குத்தாமலே போயிருக்கலாம். வீட்டுல உக்காந்திருக்கலாம்ல நீ?"

அவனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "எப்படி உக்கார முடியும்?" என்றான்.

அண்ணி மன்னித்தேன் என்று சொல்லவில்லை, மன்னிப்பு கேட்கவும் இல்லை. கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி மகளை அழைத்து, மடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, துண்டை விலக்கி முகத்தைக் காட்டினாள். மிளகு தம்பியை முதல்முறையாகப் பார்த்தாள். விரலை நீட்டினாள், பிறகு தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

நர்ஸ் போர்வையை மடித்துப் பையில் போட்டு நீட்டினாள். "இது வீட்டுக்குப் போன பிறகு பாத்துக்கலாம். இப்ப எங்க துணியே இருக்கட்டும்." பிறகு மணியைப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை இனி இங்கே நிற்கக்கூடாது என்றாள்.

சீட்டு பையை வாங்கிக்கொண்டு கதவருகே போனான். அண்ணி பின்னாலிருந்து பேசினாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு வர்றப்ப என் செருப்பைக் கொண்டு வா. இங்க தரை சில்லுனு இருக்கு."

அவன் திரும்பி அண்ணனைப் பார்த்தான். அவனிடம் சொல்கிறாளோ என்று. அண்ணன் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தச் செருப்பு அண்ணி?"

"பீரோவுக்கு அடியில இருக்கு. அவளைக் கேளு, அவளுக்குத் தெரியும். ஸ்கூட்டரை மெதுவா ஓட்டு."

கீழே வந்து, சுவரில் சாய்ந்து கிடந்த வண்டியை நிமிர்த்தி, மிளகை முன்னால் நிறுத்திக் கிளப்பினான். முதல் திருப்பத்தில் அவள் கேட்டாள்.

"சித்தப்பா, பாப்பா ஏன் ரிட்டயர் ஆனவர் மாதிரி இருக்கான்?"

அவன் சிரித்தான். சிரிப்பு நிற்காமல் வந்தது, வண்டி நேராகப் போக மறுத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டான். சிரிப்பு அடங்கும் வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அமுக்கு அமுக்கு என்று அமுக்கிவிட்டு, கடைசியில் தானே சுற்றிக்கொண்டு போனான்.